அடித்துணி

வாயில் ஆணி இருக்கிற நேரத்தில் அவனிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. கேட்டாலும் பதில் வராது. காலையில் பட்டறைக்கு வந்ததும் டப்பாவிலிருந்து ஒரு பிடி சின்ன ஆணியை அள்ளி, உள்ளங்கையில் வைத்துத் தூசியை ஊதிவிட்டு, வாய்க்குள் போட்டுக்கொள்வான். இடது கன்னத்துக்கும் கடைவாய்க்கும் நடுவில் அவை அடங்கிக் கிடக்கும். நாக்கு ஒவ்வொன்றாகப் புரட்டி, தலை வெளியே, கூர் உள்ளே இருக்கும்படி உதட்டுக்குக் கொண்டுவரும். காந்தச் சுத்தியல் உதட்டைத் தொட்டு ஆணியைக் கவ்விக்கொண்டு போகும். நிறுத்த ஒரு அடி, இறக்க ஒரு அடி. ஒரு சோபாவின் முன்விளிம்பு முடிவதற்குள் சுத்தியல் இருநூறு தடவை அவன் உதட்டுக்கு வந்து போய்விடும். பல்லில் இடித்ததாகச் சரித்திரம் இல்லை.

தெருவில் அவனுக்கு ஆணிவாய் என்று பேர். அவனுடைய அண்ணன்தான் வைத்தது.

"டேய், கன்னுல அடிச்சா கால் மணி நேரத்துல முடியுற வேலை. நீ வாய்க்குள்ள இரும்புக்கடை நடத்துற" என்பார் அண்ணன். அவர் மரச்சட்டம் செய்கிறவர். கன் என்கிற காற்றழுத்த மெஷினில் பின் அடிப்பதும் அவர்தான். ஆணிவாய் சிரித்தால் ஆணி உதிரும் என்பதால் சிரிக்க மாட்டான். கண் மட்டும் சுருங்கும்.

பட்டறையின் பின்சுவரை ஒட்டி அவன் மனைவியின் தையல் மெஷின். உறை தைப்பது அவள் வேலை. இருபத்திரண்டு வருடமாகப் பகல் முழுக்க ஒரே கூரைக்கு அடியில் இருந்தும், பகலில் அவர்கள் பேசிக்கொண்டது மிகக் குறைவு. அவன் வாயில் ஆணி. அவள் காலடியில் மெஷின் சத்தம். அதனால் சுத்தியல் பேசியது. மரத்தில் ஒரு தட்டு தட்டினால், வந்து துணியை இழுத்துப் பிடி என்று அர்த்தம். மூன்று தட்டினால், எங்கோ தப்பு, பிரித்துவிடு. இரண்டு தட்டினால், மூடு.

மூடு என்பது கடைசி வேலை. சோபாவைக் கவிழ்த்துப் போட்டு, அடியில் ஒரு கறுப்புத் துணியை இழுத்து நாலு பக்கமும் ஆணி அடிப்பார்கள். அதற்கு அடித்துணி என்று பேர். அதை அடித்துவிட்டால் உள்ளே நாடா இற்றுப்போயிருக்கிறதா, ஸ்ப்ரிங் ஒடிந்திருக்கிறதா என்று பத்து வருடத்துக்கு யாருக்கும் தெரியாது. மற்ற பட்டறைகளில் அதை நம்பித்தான் பாதிப் பிழைப்பு நடந்தது. ஆணிவாய் மட்டும் தலையை உள்ளே விட்டு, டார்ச் அடித்து, ஒவ்வொரு ஸ்ப்ரிங்கையும் விரலால் அமுக்கிப் பார்ப்பான். பார்த்து முடித்த பிறகுதான் அந்த இரண்டு தட்டு வரும். அது வந்தால் அவள் மறுபேச்சில்லாமல் துணியோடு எழுந்து போவாள். இத்தனை வருடத்தில் அந்த இரண்டு தட்டு ஒரு தடவைகூடப் பொய் சொன்னதில்லை.

கழுத்தில் நெறி கட்டியது போன வருடம் மழை விட்ட பிறகு. சளிக்கட்டு என்று நினைத்தார்கள். பிறகு அக்குளில் ஒன்று வந்தது. சட்டைக் காலர் பட்டன் போட முடியவில்லை. ஊசியில் சதை எடுத்துப் பார்த்து, ரத்தம் எடுத்துப் பார்த்து, ஒரு நீளமான மெஷினுக்குள் படுக்கவைத்துப் பார்த்து, கடைசியில் டாக்டர் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"மூணு வாரத்துக்கு ஒண்ணு. மொத்தம் ஆறு. இது மருந்துக்குக் கேக்கற வகை. தேதி தள்ளாம போட்டுட்டா நல்லா வாய்ப்பிருக்கு."

அவர் இன்னும் நிறையச் சொன்னார். ஆணிவாய் எடுத்துக்கொண்டது தேதி தள்ளக் கூடாது என்பதை மட்டும். பட்டறைச் சுவரில் தொங்கிய காலண்டரில், டெலிவரி நாட்களைக் குறிக்கிற அதே சிவப்புப் பென்சிலால் ஆறு தேதிகளை அவனே வட்டம் போட்டான். சொன்ன தேதிக்கு ஒரு நாற்காலிகூடத் தாமதமாக அந்தப் பட்டறையிலிருந்து போனது கிடையாது.

முதல் மருந்தில் முடி கொட்டியது. "நல்லதாப் போச்சு, முடிக்குள்ள பஞ்சு ஒட்டாது" என்றார் அண்ணன். ஆஸ்பத்திரியில் ஒரு பச்சை அட்டை கொடுத்திருந்தார்கள். காய்ச்சல் வந்தால், ரத்தம் வந்தால், வாயில் புண் வந்தால் உடனே கூப்பிடச் சொல்லி ஒரு நம்பர் அதில் இருந்தது. அடியில் சிஸ்டர் தன் கையால் எழுதியிருந்தாள்: கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், உப்பு ஒரு ஸ்பூன், சமையல் சோடா ஒரு ஸ்பூன், தினமும் ஆறேழு தடவை கொப்பளித்துத் துப்பவும். முதல் வாரம் மனைவி தவறாமல் கலந்து கொடுத்தாள். வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு அந்தப் பழக்கம் தானாக விட்டுப்போனது. அட்டையை மெஷின் இழுப்பறையில் பாபின்களோடு போட்டுவைத்தாள்.

இரண்டாவது மருந்து போட்டு ஆறாம் நாள். காலையில் அவன் வழக்கம்போல ஆணியை வாயில் போட்டான். போட்டவன் அப்படியே நின்றான். பிறகு வாசலுக்குப் போய், கையில் எல்லாவற்றையும் துப்பினான். ஆணிகள் சிவந்திருந்தன.

அவள் மெஷினை நிறுத்தினாள். "என்னங்க?"

"ஒண்ணுமில்ல. கடிச்சுக்கிட்டேன்."

"காட்டுங்க."

"அட, வேலையப் பாரும்மா."

மத்தியானம் சோற்றில் குழம்பு பட்டதும் அவன் கண்ணில் தண்ணீர் வந்தது. தட்டைத் தள்ளிவிட்டுப் பாலை ஆற்றிக் குடித்தான். அதையும் ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து, வலது கடைவாய் வழியாக. மறுநாள் அவள் சோற்றைக் குழைய வேகவைத்து, தயிர்விட்டுப் பிசைந்து, கையாலேயே மசித்துக் கொடுத்தாள். நாலு வாய். அதற்கு மறுநாள் உருளைக்கிழங்கு. மூன்று வாய். அவித்த முட்டையின் மஞ்சளைப் பாலில் கரைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு விழுங்கலுக்கும் அவன் கால் கட்டைவிரல் தரையில் ஊன்றிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

அண்ணன் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். "அடேயப்பா. ஆணி கிழிச்சிருக்கு. எத்தனை தடவை சொன்னேன், உடம்பு சரியில்லாதப்ப கன் எடுத்துக்கடான்னு."

"ஆணி கிழிச்ச மாதிரி தெரியலையே மாமா. வெள்ளையா படர்ந்திருக்கே" என்றாள் அவள்.

"அதெல்லாம் புண்ணு ஆறுற வெள்ளைம்மா. நம்ம வேலைக்காரன் எவனுக்கு வாய் கிழியல? எங்கப்பாவுக்கு மேலண்ணத்துல ஒரு ஆணி ஏறிடுச்சு. படிகாரத்த வாயில அடக்கிட்டு அன்னைக்கு சாயங்காலமே வேலைக்கு உக்காந்தாரு."

அந்தத் தொழிலில் வாய் கிழிந்தால் படிகாரம்தான். பட்டறை அலமாரியில் சாக்பீஸ் டப்பாவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு கட்டி இருக்கும். சுருக்கென்று எரியும், வாயெல்லாம் இறுகும், ரத்தம் நின்றுவிடும். நாலு தலைமுறையாக நின்றிருக்கிறது. அண்ணன் ஒரு துண்டு உடைத்துக் கொடுத்தார். ஆணிவாய் அதை இடது கன்னத்தில், ஆணி இருக்கிற இடத்தில், அடக்கினான். அவன் முகம் போன போக்கைப் பார்த்து அண்ணன் சிரித்தார். "எரியுதா? எரிஞ்சா வேலை செய்யுதுன்னு அர்த்தம்டா."

ஐந்து நாள் அப்படி அடக்கினான்.

"ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போடட்டுமா?" என்று அவள் கேட்டாள். இழுப்பறையைப் பாதி இழுத்திருந்தாள்.

அவன் பேசுவதே அப்போது குறைந்திருந்தது. நாக்கு பல்லில் படாமல், வார்த்தைகளைத் தொண்டையிலிருந்தே தள்ளினான். "போட்டா என்ன சொல்லுவாங்க? வாங்க பாக்கறோம்பாங்க. பாத்துட்டு, ஆறட்டும், அடுத்தத தள்ளிப் போடலாம்பாங்க. மருந்தேத்தறப்ப பக்கத்து நாற்காலில இருந்தவருக்கு அப்படித்தான ஆச்சு? ரெண்டு வாரம் தள்ளினாங்க. அப்புறம் அந்த ஆள நாம பாக்கவே இல்ல."

"அவரு வேற ஆஸ்பத்திரிக்கு மாறியிருக்கலாம்ல."

"மாறியிருக்கலாம்" என்றான். இழுப்பறை பாதி திறந்தபடியே கொஞ்ச நேரம் இருந்தது. அவள் ஒரு பாபினை எடுத்துக்கொண்டு அதை மூடினாள்.

மூன்றாவது தேதி வந்தது. புண் கொஞ்சம் வற்றியிருந்தது, ஆறவில்லை. கீழுதட்டின் உள்பக்கம் தோலுரிந்து கிடந்தது. இடது கன்னத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்கு வெள்ளை. அவன் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டான்.

மருந்து ஏற்றுகிற கூடத்தில் பன்னிரண்டு சாய்வு நாற்காலிகள். எட்டாம் நம்பர் அவனுக்கு வாய்த்தது. உட்கார்ந்ததும் பழக்கதோஷத்தில் கையை ஓட்டிப் பார்த்தான். வலது கைப்பிடியில் ரெக்சின் கிழிந்து, அதன்மேல் யாரோ ஆஸ்பத்திரி பிளாஸ்டரை ஒட்டியிருந்தார்கள். விரலால் அமுக்கினான். உள்ளே ஸ்பாஞ்சு பொடிந்துபோயிருந்தது. பக்கத்தில் நின்ற மனைவியைப் பார்த்து, கண்ணால் அதைக் காட்டினான். வேறு நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள்.

சிஸ்டர் வந்தாள். கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிய, குட்டையான பெண். அன்றைக்கு இருவர் செய்ய வேண்டிய வேலையை அவள் ஒருத்தியாகச் செய்துகொண்டிருந்தாள். கையில் அட்டை, அட்டையில் படிவம்.

"என்னண்ணா, எப்படி இருக்கீங்க? ரத்தம் பாத்தாச்சு, நல்லா இருக்கு. காய்ச்சல் வந்துச்சா?"

அவன் தலையை ஆட்டினான், இல்லை.

"வாந்தி?"

இல்லை.

"வயித்துப்போக்கு? கை கால் மரத்துப்போறது?"

இல்லை.

"வாயில புண்ணு கிண்ணு?"

அவன் தலை அசையவில்லை. மனைவி அவனைப் பார்த்தாள். அவன் சிஸ்டரையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. எதிரே சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தான். கைப்பிடியில் கிடந்த அவன் நடுவிரல் அந்தப் பிளாஸ்டரின்மேல் தட்டியது. ஒன்று. இரண்டு.

"அக்கா, நீங்க சொல்லுங்க. அண்ணன் ரொம்பப் பேச மாட்டாரு போல. வாய் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு சிஸ்டர்" என்றாள் அவள்.

சிஸ்டர் ஒரு கட்டத்தில் டிக் அடித்துவிட்டு ஒன்பதாம் நம்பருக்குப் போனாள்.

அந்தச் சிவப்பு மருந்து குழாய் வழியாக இறங்குவதை அவள் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாள். சிஸ்டர் இன்னும் இரண்டு தடவை அந்தப் பக்கமாக வந்தாள். ஒரு தடவை தலையணை கொடுத்தாள், ஒரு தடவை பாட்டில் மாற்றினாள். இரண்டு தடவையும் சொல்லியிருக்கலாம். இப்போதும் அந்த நாளை நினைக்கும்போது அந்த முதல் பதிலைவிட, அந்த இரண்டு தடவைகளைத்தான் அவள் அதிகம் நினைக்கிறாள்.

மூன்றாவது மருந்து போட்டு எட்டாம் நாள், மதியம் இரண்டு மணி இருக்கும். மூன்று பேர் உட்காரும் ஒரு சோபாவைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். ஆணிவாய் அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்து நாளாக அவன் வாய்க்குள் போனது பால், அதுவும் இரண்டு நாளாக இல்லை. எச்சிலை விழுங்க முடியாமல் ஒரு டப்பாவில் துப்பிக்கொண்டிருந்தான். அது கயிறு மாதிரி இழுத்தது. உதடு வெடித்துக் காய்ந்திருந்தது. அண்ணன் அந்தப் படிகாரக் கட்டியை மறுபடி எடுத்துவந்தபோது அவன் சின்னப் பிள்ளைபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவர் அதை வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டு போனார்.

அவன் தோள் நடுங்குவதை அவள் மெஷினிலிருந்து பார்த்தாள். வந்து நெற்றியில் கைவைத்தாள். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் மாதிரி இருந்தது.

"மாமா, வண்டி கூப்பிடுங்க."

"சோபா சாயங்காலம் டெலிவரிம்மா. அடித்துணி மட்டும் அடிச்சிட்டு..."

"வண்டி கூப்பிடுங்க மாமா!"

இருபத்திரண்டு வருடத்தில் அவரிடம் அவள் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. சோபா கவிழ்ந்தபடியே கிடக்க, மூவரும் போனார்கள். அந்தப் பட்டறையிலிருந்து முதன்முதலாக ஒரு டெலிவரி தவறியது.

வெள்ளையணு எண்ணும்படி இல்லை என்றார்கள். தனி அறை. இரண்டு கையிலும் ஊசி. ஒரு இளம் டாக்டர் நாக்கை அமுக்கும் குச்சியோடு வந்து, வாயைப் பார்த்ததும் குச்சியைக் கீழே வைத்துவிட்டார்.

"இது எத்தனை நாளா இருக்கு?"

"மூணு நாளா" என்று அண்ணன் ஆரம்பித்தார். "வேலை செய்யறப்போ ஆணி பட்டு..."

கட்டில் கம்பியில் சத்தம் கேட்டது. ஊசி குத்திய கையை அசைக்க முடியாமல், மோதிர விரலின் நகத்தால் அவன் தட்டினான். ஒன்று. இரண்டு. இப்போதுமா என்று நினைத்தாள். மூன்றாவது தட்டு தாமதமாக வந்தது.

அவள் ஆரம்பித்தாள். இரண்டாவது மருந்து போட்ட ஆறாம் நாளிலிருந்து ஆரம்பித்தாள். சிவந்த ஆணிகளைச் சொன்னாள். படிகாரத்தைச் சொன்னாள். தேதியைச் சொன்னாள். சிஸ்டர் கேட்டதையும் தான் சொன்ன பதிலையும் அப்படியே, அதே சொற்களில், சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான், வாசலில் அந்தச் சிஸ்டரே நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தாள்.

டாக்டர் போன பிறகு சிஸ்டர் உள்ளே வந்தாள். திட்டுவாள் என்று மனைவி எதிர்பார்த்தாள்.

"ஏங்க்கா? ஏன் சொல்லல?"

"தேதி தள்ளிப்போயிடும்னு."

"ஒரு வாரம் தள்ளியிருப்போம். இல்ல மருந்த கொஞ்சம் கொறச்சிருப்போம். அவ்வளவுதான்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். "நானும் கவசத்த எறக்கி டார்ச் அடிச்சுப் பாத்திருக்கணும். வழக்கமா பாப்பேன். அன்னைக்கு ஆள் இல்ல."

அண்ணன் வேட்டி மடிப்பிலிருந்து படிகாரத்தை எடுத்து நீட்டினார். "இத வெச்சேன் சிஸ்டர். அஞ்சு நாள். எங்க வேலைல இதான் வழக்கம்."

"இது ஆணி கிழிச்ச புண்ணுக்கு சரி ஐயா. இது அப்படி இல்ல. நாங்க ஏத்துற மருந்து வேகமா வளர்றது எல்லாத்தையும் அடிக்குது. கட்டியும் வேகமா வளருது, வாய்க்குள்ள தோலும் வேகமா வளருது. ரெண்டும் சேந்து அடி வாங்குது. அந்தப் பச்சப் புண்ணுல படிகாரத்த வெச்சா..." நிறுத்திவிட்டாள். அவர் முகத்தைப் பார்த்துத்தான் நிறுத்தியிருக்க வேண்டும். "தெரியாமதான செஞ்சீங்க. விடுங்க."

அண்ணன் அதை எங்கே போடுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு வெளியே போனார். திரும்பி வந்தபோது கை காலியாக இருந்தது, கண் சிவந்திருந்தது. அதற்குப் பிறகு அந்த ஆஸ்பத்திரியில் அவர் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை.

பதினாறு நாள். சிஸ்டர் அவளுக்கு ஒவ்வொன்றாகக் கற்றுக்கொடுத்தாள். உப்பும் சோடாவும் கலந்த தண்ணீரை இரண்டு மணிக்கு ஒரு தடவை வாயில் விட்டு, கொப்பளிக்கச் சக்தி இல்லாததால் தலையைச் சாய்த்து ஒழுகவிடுவது. குழந்தை பிரஷ்ஷை வெந்நீரில் ஊறவைத்து இன்னும் மிருதுவாக்குவது. அதுவும் முடியாத நாளில் பஞ்சு சுற்றிய குச்சி. வெள்ளைப் படலத்துக்குச் சொட்டுமருந்து, விட்டபின் அரை மணி நேரம் எதுவும் கொடுக்கக் கூடாது. சாப்பாட்டுக்குக் கால் மணி நேரம் முன்னால் மரத்துப்போகிற மருந்து. அது வேலை செய்கிற நேரத்துக்குள் ஊட்டிவிட வேண்டும், சூடு தெரியாது என்பதால் அவளே உதட்டில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஊட்ட வேண்டும். உதட்டுக்கு வாஸ்லின். புளிப்பு வேண்டாம், காரம் வேண்டாம், மொறுமொறுப்பு வேண்டாம். கடையில் விற்கிற வாய்கழுவும் தண்ணீர் வேண்டவே வேண்டாம், அதில் ஸ்பிரிட் இருக்கும்.

முதல் பத்து நாள் மூக்கு வழியாகக் குழாய். பதினோராம் நாள் அவன் ஒரு ஸ்பூன் குளிர்ந்த பால் விழுங்கினான். கால் கட்டைவிரலை அவள் பார்த்தாள். ஊன்றவில்லை. இன்னொரு ஸ்பூன் கொடுத்தாள்.

"போதும்" என்றான். வார்த்தையாகக் கேட்டு எத்தனையோ நாள் ஆகியிருந்தது. கரகரவென்று, யாருடைய குரலோ போல இருந்தது.

நாலாவது மருந்துக்கு ஐந்து வாரம் தாமதமாயிற்று. அதற்கு முன் மறுபடி அந்த நீளமான மெஷின். டாக்டர் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அக்குளில் இருந்தது கரைந்திருந்தது. கழுத்தில் ஒன்று கரைந்து, மறுபடி கொஞ்சம் தலை தூக்கியிருந்தது.

"மருந்த மாத்திப் பாக்கலாம்" என்றார்.

அவள்தான் கேட்டாள். "அந்த அஞ்சு வாரத்துனாலயா டாக்டர்?"

டாக்டர் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அதனாலதான்னு சொல்ல முடியாதும்மா." அவள் காத்திருந்தாள். "இல்லவே இல்லன்னும் சொல்ல முடியாது."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவன் வண்டியின் சீட்டைத் தடவிக்கொண்டே வந்தான். வீடு வந்தபோது சொன்னான், "நான்தான தட்டினேன்."

"சொன்னது நானு."

"நான் தட்டுனதாலதான சொன்ன."

"எனக்குத் தெரியும்ல. உங்க வாய உங்களவிட நான்தான் அதிகமா பாத்தேன்." சாவியைப் பூட்டில் போட்டுவிட்டுத் திருப்பாமல் நின்றாள். "உள்ள எப்படி இருக்குன்னு தெரிஞ்சேதான் மூடினேன்."

கதவைத் திறந்து உள்ளே போய், தண்ணீர் கொதிக்க வைத்தாள்.

இப்போது பட்டறையில் வாயில் ஆணி கிடையாது. ஆணியை அவள் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்கிறாள். சுத்தியல் அவள் கைக்கு வந்து போகிறது. வேலை பாதி வேகம்தான். அண்ணன் ஒன்றும் சொல்வதில்லை. காலண்டரில் தேதிகளை இப்போது அவர் வெறும் பேனாவால் குறிக்கிறார், சின்னதாக. படிகாரக் கட்டி இருந்த இடத்தில் அலமாரியில் ஒரு பாட்டில், மேலே காகிதம் ஒட்டி அன்றன்றைய தேதி. தினமும் காலையில் அவரே உப்பும் சோடாவும் அளந்து கலக்குகிறார். ஸ்பூனின் மேல்மட்டத்தை விரலால் வழித்துச் சமப்படுத்துவதை அவள் பார்த்திருக்கிறாள். மரச்சட்டத்துக்கு அளவெடுக்கிறபோதுகூட அவர் அவ்வளவு கவனமாக இருந்ததில்லை.

வாய் காலியாக இருந்தும் அவர்கள் பேசிவிடவில்லை. பழைய வழக்கப்படி சுத்தியலே பேசிக்கொண்டிருந்தது.

புது மருந்தில் முதலாவது முடிந்து, இரண்டாவதுக்கு முந்தின நாள். காலை வெயில் வாசல்படி வரை வந்திருந்தது. அவன் ஒரு ஒற்றை நாற்காலியைக் கவிழ்த்து, தலையை உள்ளே விட்டு ஸ்ப்ரிங் பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்து முடித்து எழுந்தபோது அவள் அந்த டார்ச்சை அவன் கையிலிருந்து வாங்கினாள்.

"தொறங்க."

தினமும் நடக்கிறதுதான். அவன் நாற்காலியின் குறுக்குக் கட்டையில் கையை ஊன்றி, வாசல் பக்கம் முகத்தைத் திருப்பி, வாயைத் திறந்தான். மேலண்ணம். நாக்கு. நாக்கைத் தூக்கச் சொல்லி அடிப்பக்கம். வலது கன்னம். இடது கன்னத்தை ஸ்பூனின் பின்புறத்தால் ஒதுக்கியபோது, ஆணிகள் கிடந்த அந்த இடத்தில், கடுகு அளவில் ஒன்று இருந்தது. வெள்ளை. சுற்றிலும் சிவப்பு.

அவள் டார்ச்சை அணைக்காமல் அங்கேயே பிடித்திருந்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான். அவள் முகத்திலிருந்து அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"வலிக்குதா?"

"இல்ல."

"வலிக்குதா?"

"நாளைக்குத் தேதி" என்றான்.

அண்ணன் உளியை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்தார். தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது. கழுத்தில் இருந்தது ஐந்து வாரத்தில் தலை தூக்கியது அவளுக்கு ஞாபகம் வந்தது. ஒரு வாரத்தில் எவ்வளவு தூக்கும் என்று யாரும் சொல்லவில்லை. கடுகு அளவுதான். உப்புத் தண்ணீரிலேயே போனாலும் போய்விடும். போகாமலும் இருக்கலாம்.

அவன் விரல் கட்டையில் தட்டியது. ஒன்று. இரண்டு.

அவள் கால்கள் பழக்கத்தில் ஒரு எட்டு நகர்ந்தன. அடித்துணி மெஷின்மேல் மடித்து வைத்திருந்தது. அதைத் தாண்டி இழுப்பறையைத் திறந்தாள். பாபின்களுக்கு அடியிலிருந்து பச்சை அட்டையை எடுத்தாள். நம்பரை ஒவ்வொன்றாக, தப்பில்லாமல், போனில் அமுக்கினாள்.

"சிஸ்டர், நான்தான். ஆணிக்காரர் வீட்டம்மா. நாளைக்கு எங்களுக்கு மருந்து." தொண்டையைச் செருமிக்கொண்டாள். "வாயில புண்ணு வந்திருக்கு."

மறுமுனையில் என்னவோ கேட்டார்கள்.

"ஒண்ணுதான். சின்னதுதான். ஆனா இருக்கு." மறுபடி கேட்டுக்கொண்டாள். "எந்தப் பக்கம்னு சரியா சொல்லணுமா? இருங்க, பாத்துச் சொல்றேன்."

போனைக் காதோடு தோளில் இடுக்கிக்கொண்டு அவன் முன்னால் வந்து நின்றாள். டார்ச்சை அடித்தாள். அவன் அவளைப் பார்த்தான். வெகு நேரம் பார்த்தான். கட்டைமேலிருந்த கையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, வாயைத் திறந்தான்.